காட்டேரி வேலை

கொடைக்கானல் பேய் பங்களாவில் ரத்தக் காட்டேரியாக நடிக்கும் முத்துராஜுக்கு அன்றுதான் கடைசி சான்ஸ். சவப்பெட்டியிலிருந்து அவன் எழும்போதெல்லாம் வந்தவர்கள் சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இன்னைக்கும் சிரிச்சாங்கன்னா உங்க ஊரு கவுஞ்சிக்கே கெளம்பிருங்கண்ணே," என்று முதலாளி சுகன்யா காலையிலேயே சொல்லிவிட்டாள். ஊரிலோ அவன் பூண்டுத் தோட்டம் உறைபனியில் கருகிக் கிடந்தது. போய் என்ன செய்வது?

மாலையில் மூடுபனி ஜன்னலை அடைத்தபோது ஒரு சென்னைத் தம்பதி உள்ளே வந்தார்கள். முத்துராஜ் பெட்டி மூடியைத் தள்ளி, கோரைப்பல் தெரிய எழுந்தான். கணவன் சிரித்தே விட்டான். மனைவி, கடைத்தெருவில் வாங்கிய மலைப்பூண்டைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"காட்டேரிக்குப் பூண்டுன்னா ஆகாது. கிட்ட வந்தே, அவ்வளவுதான்."

மதியச் சாப்பாடு இல்லாமல் பெட்டிக்குள் படுத்திருந்தவனுக்குக் கை தானாக நீண்டது. வாங்கி, ஒரு பல்லை உரித்து வாயில் போட்டு மென்றான்.

"நல்ல காரமுங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?"

கணவனின் சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த நொடி, இருவரும் அலறிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

சுகன்யா பதறி ஓடி வந்தாள். "யாரக் கடிச்சீங்கண்ணே?"

"பூண்டைத்தாங்க."

"நாளைக்கு வெரசா வந்துருங்க," என்று சொல்லிவிட்டு, தம்பதியைத் தேடி மூடுபனிக்குள் ஓடினாள் அவள்.