இரண்டு வெண்ட்

என் டாக்ஸியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம், இவன் சுற்றிக்கொண்டு போகிறானோ என்று. போனில் வழியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு என் பிடரியையே முறைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேர்வழி இருக்க நான் வளைந்ததே இல்லை.

என் மனைவி இங்கிலீஷ் டீச்சர். சவாரி இல்லாத நாளில் எனக்கும் பாடம் நடக்கும்.

"வெண்ட்னா என்ன, டிரைவர் சார்?" என்றாள் ஒருமுறை.

"போனான். இதுகூடத் தெரியாதா?"

"அது டீ குடிக்கிற டீ-ல முடியும். நான் கேக்கறது டிரைவர்ல வர்ற டி."

என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"வளைஞ்சு வளைஞ்சு, அவசரப்படாம போறது. கூடவே வழிங்கற வார்த்தையையும் சேத்துத்தான் பெரும்பாலும் சொல்லுவாங்க. உங்க வெண்ட்டும் ஆதியில இதோட இறந்தகாலம்தான். கோங்கற வார்த்தை அதைத் தனக்குன்னு எடுத்து வச்சுக்கிச்சு."

"அநியாயம்" என்றேன். அவளும் பக்கத்திலிருந்த எங்கள் மகளும் சிரித்தார்கள்.

போன வாரம், இனி அவளை வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். முன் சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்தேன். வீட்டில் மகள் கட்டிலைத் தயாராக்கி வைத்திருந்தாள். பெரிய சாலையில் நேராகப் போனால் உடனே வந்துவிடும்.

"நேரா போகாதீங்க. கட்டில்ல படுத்தா அப்புறம் எங்க எழுந்திருக்கப் போறேன்? வெண்ட் பண்ணுங்க."

"எந்த டி?"

"டிரைவர் சாரோட டி."

வளைந்தேன். அவள் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, மரக்கடைகளின் சந்து வழியாக, குளத்தைச் சுற்றிக்கொண்டு. கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள். எங்கள் தெரு வந்தது. வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"இன்னொரு சுத்து."

மகளைத் தாண்டிப் போனேன். அவள் திகைத்துப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. மறுபடி பள்ளிக்கூடம், சந்து, குளம். மறுபடி தெருமுனை.

"இன்னும் ஒண்ணு" என்றாள், மெதுவாக.

மூன்றாவது முறை தெருமுனைக்கு வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. கையைத் தொட்டேன். மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வரவில்லை. ஆனாலும் அவள் கேட்காத ஒரு சுற்றை நானே சுற்றினேன். சொல், இன்னொன்று என்று சொல் எனக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

வாசலில் நிறுத்தியதும் மகள் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"அம்மா தூங்கறாங்களாப்பா?"

போய்விட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெண்ட்" என்றேன்.

எந்த டி என்று அவள் கேட்கவில்லை.