பதினேழு நாள் வடிந்த கியர் எண்ணெய்

ஷக்தருடைய கறுப்பு வண்டியின் கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் பதினேழு நாள் வடிந்தது. பெட்டி கொள்வது பன்னிரண்டு லிட்டர்தான். முதல் நாளே ஒரு பீப்பாய் நிறைந்தது. பிறகு பால் கேன், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்து அண்டா என்று எங்கள் ஊரில் இருந்த பாத்திரமெல்லாம் போனது.

வண்டி ஜப்பானில் எவனோ பணக்காரன் ஓட்டிக் கழித்தது. தோல் இருக்கை, மரம் பதித்த முகப்பு, வீடு மாதிரிக் கணகணப்பு. ஏழு வருஷத்துக்கு முன் தலைநகர் உலான்பாத்தரின் வண்டிச் சந்தையில் ஷக்தர் குதிரைகளை விற்று வாங்கினான். மாகாண ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போவது அவன் தொழில். நூற்றறுபது கிலோமீட்டர், நடுவில் ஒரு கணவாய். ஹோர்லோ சிறுநீரகம் கெட்டவள், பள்ளிக்கூடச் சமையல்காரி. வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள அவன் வண்டியில் போனாள். மூன்றாம் குளிர்காலத்தில் தன் பெட்டியையும் தேநீர்க் கெண்டியையும் தூக்கிக்கொண்டு அவன் கூடாரத்துக்கே குடிவந்துவிட்டாள். நோய் வந்திருக்காவிட்டால் அவன் யாரென்றே அவளுக்குத் தெரிந்திருக்காது.

அந்த ஜனவரியில் கணவாய் ஏற்றத்தில் கியர் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றாது. ஷக்தர் வண்டியை மெக்கானிக் தோக்மித்திடம் கொண்டுபோனான். ஹோர்லோ சூட்டுக்காக வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

“இந்த ஆயில் ஆயுசுக்கும் போதும்னு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்காம்ண்ணே,” என்றான் ஷக்தர்.

“யார் ஆயுசுக்குன்னு போட்டிருக்கானா? பணக்காரன் அஞ்சு வருஷத்துல வித்துடுவான். அது வரைக்கும் போதும். மூணு லட்சம் ஓடின பெட்டியத் தொறக்காதடா. உள்ள இருக்கிற அழுக்குதான் கியரப் புடிச்சு வச்சிருக்கு. புது ஆயில் அதையும் கழுவிடும்.”

“தொறக்கலேன்னா வியாழக்கிழமை இவ கணவாயிலேயே போயிடுவா.”

“தொறந்தா வண்டி புதன்கிழமையே போயிடும்.”

“என்னை வச்சுக்கிட்டே நாள் குறிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று உள்ளேயிருந்து ஹோர்லோ சிரித்தாள். “தொறந்து தொலைங்க.”

ஷக்தர் சக்கர அச்சுப் பெட்டிகளுக்குக் குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயும், கியர் பெட்டிக்குச் சிவப்பு எண்ணெயும் வாங்கி வைத்தான். தோக்மித் முதலில் கியர் பெட்டியின் அடிப் போல்ட்டைக் கழற்றினான். கறுப்பாகக் கொட்டியது. ஒரு மணி நேரம் கழித்தும் கொட்டியது. அப்போது ஹோர்லோ, கிலோமீட்டர் மீட்டர் பின்னால் போகிறது என்றாள்.

வண்டிச் சூட்டை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை; இரண்டாம் நாள் அவள் முகவீக்கம் வடிந்தது. வியாழக்கிழமை முறை தவறியும் அவளுக்கு மூச்சு முட்டவில்லை. டாக்டர்கள் நம்பமாட்டார்கள், நாங்களும் அவர்களைக் கேட்கப்போகவில்லை. ஒன்பதாம் நாள் மீட்டர், வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த எண்ணைத் தொட்டதும் சட்டென்று ஒரு லட்சம் மேலே ஏறி, அங்கிருந்து மறுபடி இறங்கியது. சந்தை வியாபாரி மீட்டரில் எவ்வளவு சுருட்டி விற்றான் என்பது அன்றுதான் தெரிந்தது. தோக்மித் வயிறு வலிக்கச் சிரித்தான். ஷக்தர் சிரிக்கவில்லை. அன்று காலையில் ஹோர்லோ உப்புத் தேநீரை வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றி டிரைவர் அண்ணே,” என்று சொல்லியிருந்தாள்.

தோக்மித்துக்கு அப்போதுதான் உறைத்தது. “போல்ட்டப் போடுடா. இப்பவே போடு. உன்னை டிரைவராவாவது தெரியுதுல்ல.”

போல்ட் ஷக்தரின் கையில் இருந்தது. அவள் இடது கையில், ஊசி குத்திக் குத்தி எழும்பிய நரம்பு முடிச்சு இன்னும் புடைத்திருந்தது.

“வலிக்குதா?” என்று கேட்டான்.

“வலிக்குது அண்ணே. இன்னும் எத்தனை வருஷத்துக்கோ.”

அவன் போல்ட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை விட்டு வெளியே வந்தான். பிறகு எட்டு நாள் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எண்ணெய் பழுப்பாயிற்று, பிறகு தெளிந்து புது எண்ணெய் மாதிரிச் சிவந்தது. முடிச்சு அமுங்கி, தழும்பாகி, தழும்பும் போயிற்று. பதினேழாம் நாள் அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

“யாருங்க நீங்க? உங்க வண்டியில நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?”

“வழியில ஏறினீங்கம்மா. வண்டி ரிப்பேர். வேற வண்டி சொல்லியிருக்கேன்.”

அவளை வேறொரு வண்டியில் அவள் அம்மா ஊருக்கு ஏற்றிவிட்டான். அது கிளம்பியதும், போகிறவர் நலத்துக்காக, வழக்கப்படி அதன் பின்னால் பால் தெளித்தான். தெளித்த பால் மண்ணில் விழும்முன் உறைந்தது. திரும்பி வந்து போல்ட்டை முறுக்கினான். வாங்கிய புது எண்ணெயை ஊற்றவில்லை. தோக்மித்தும் ஊற்றச் சொல்லவில்லை. வண்டி ஓடினால் எண் ஏறும்; எண்ணோடு அவள் நோயும் ஏறும்.

நாலு வருஷம் கழித்து அவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே சமையல் வேலைக்கு வந்தாள், புருஷனோடு. அவனுக்கு அந்தக் கறுப்பு வண்டிமேல் ஆசை. இரண்டு பேரும் கேட்கப்போனார்கள். ஷக்தர் முடியாது என்றான்.

“நிக்க வச்சு துருப்பிடிக்க விடுவாராம், யாருக்கும் குடுக்க மாட்டாராம்,” என்று வாசலிலேயே நின்று திட்டினாள். “கருமி! செத்தா தலையிலயா தூக்கிட்டுப் போவீரு?”

“ஆமாம்மா,” என்றான் அவன்.

போன இலையுதிர்காலத்தில் ஷக்தர் செத்தான். சாவி தோக்மித்திடம் இருக்கிறது. மீட்டரில் எண் இன்னும் அறுபத்தோராயிரத்து நானூற்று எட்டு. சாலை போட வந்தவர்கள் வண்டியை ஒரு கஜம் தள்ளி வைக்கச் சொன்னார்கள். நாங்கள் சாலையை வளைத்துப் போடச் சொன்னோம்.