சுண்ணாம்புக் கோட்டு வீடுகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நான் போட்டது வெறும் சுண்ணாம்புக் கோடு. அதற்குள் இருபது குடும்பங்கள் குடியேறிவிட்டன என்றால் தப்பு என்மேல்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

1926 டிசம்பர் வெள்ளம் கிள்ளான் ஆற்றங்கரைக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. ரோட்டு வேலைக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ஒண்டிக் கிடந்தார்கள். அவர்களுக்காக மைதானத்தில் இரண்டு வரிசை லைன் வீடு கட்ட முடிவானது. ரோட்டு இலாகா ஆபீஸில் பிளான் வரைகிற கிராணி நான், பெயர் இருதயம். அறைக்கு எட்டு ஆள், எட்டு பேரும் ஆண்கள். பெண்களும் பிள்ளைகளும் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு.

கல் உடைக்கிற பக்கிரிசாமியின் மனைவி வள்ளியம்மா அந்த வாரம் மட்டும் நான்கு தடவை என்னிடம் வந்துவிட்டாள். அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கேரி தீவுத் தோட்டத்தில் இருக்கும் அவள் அண்ணனிடம் அனுப்பப் போகிறார்கள். புருஷன் இங்கே, நாங்கள் அங்கேயா என்று கேட்பாள். முடிவு செய்தது நானா என்று எரிந்து விழுவேன்.

பொங்கலுக்கு முதல் நாள் ஐந்தாவது தடவையாக வந்தாள். ஷெட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டோம் என்கிறார்களாம், பொங்கல் எங்கே வைப்பது என்றாள். அறைக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னேன், "இந்த மைதானத்துலயே வச்சுக்கங்க. யாரு கேக்கப் போறா?"

மறுநாள் காலை அஸ்திவாரம் தோண்டுமுன் கோடுகளைச் சரிபார்க்க எஞ்சினியர் துரை வந்தார். கூடப் போன நான் துரையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குடும்பம். முளைக்குச்சிகளில் மாவிலை. கதவுக்காக நான் விட்டிருந்த இடைவெளிக்கு முன்னால் கோலம். தை முதல் நாளாயிற்றே, நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார்கள்.

இதென்ன கூத்து என்று துரை கேட்டார். பால் பொங்கிவிட்டால் எங்கள் ஜனங்களுக்கு அது வீடு, சுவர் பிறகு வந்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று ஐந்தாவது கட்டத்தை நோக்கி நடந்தார். உள்ளே பானைக்கு முன்னால் இருந்த வள்ளியம்மா எழுந்து கையை நீட்டி மறித்தாள்.

"தொரை, அது செவுரு. வாசல் இந்தப் பக்கம்."

மொழிபெயர்த்தேன். துரை குனிந்து, சுண்ணாம்பில் பதிந்திருந்த தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு காலைப் பின்னால் எடுத்து, கோலத்தைச் சுற்றி வந்து, வாசல் வழியாக உள்ளே போனார். தொப்பியைக்கூடக் கழற்றினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயமும் போகவில்லை.

வள்ளியம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினாள். இங்கே பிள்ளைகளுக்குப் பாய், அங்கே பெட்டி, புகை உள்ளே வராமல் பின்னால் அடுப்பு. என் பிளானில் அடுப்பே கிடையாது, வெட்கமாக இருந்தது. இந்த அறைக்குள் எட்டு பேர் படுக்க முடியாதா என்று துரை கேட்டார். பானைக்குப் பக்கத்தில் நின்ற பக்கிரிசாமி சொன்னான்:

"படுக்கலாம் தொரை. ஆனா குடும்பம் நடத்த முடியாது."

துரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளானை முழங்காலில் விரித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து 'எட்டு ஆண்கள்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு குடும்பம்' என்று எழுதினார். இரண்டு வரிசைக்கும் அப்படியே. பின்னால் சமையலறை. தனி ஆட்களுக்கு மூன்றாவது வரிசை ஒன்று வேண்டும், இன்றைக்கே வரைந்து கொண்டுவா என்றார். என் பொங்கலில் மீதி நாளும் போயிற்று. போகட்டும்.

அதை எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். யாரோ குலவை போட, மைதானம் முழுக்கக் குலவை. அவ்வளவு சந்தோஷத்தை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எல்லாரும் கூப்பிட்டார்கள் என்று துரை மூன்று வீட்டில் பொங்கல் சாப்பிட்டார். நான் ஏழு வீட்டில்.

வள்ளியம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கிராணியாரே, எங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. நாங்க அங்க வரல. அவங்கதான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வரணும்."

எழுதிவிட்டு, அனுப்புபவர் விலாசம் என்ன போடட்டும் என்று கேட்டேன். வரிசையின் முதல் கட்டத்திலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத இடத்துக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ், ஐந்தாம் நம்பர் வீடு என்று எழுதினேன்.