கயிற்றின் மறுமுனை

ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. காதுமடலில் மாவோடு காலையில் வீடு திரும்பும்போது, தாத்தா சவரம் முடித்து, கழுத்துவரை பொத்தான் போட்டு முன்னறையில் காத்திருப்பார். அவருடைய பட்டாளத்துக் கதைக்கு நான் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லோரும் பாதியிலேயே அலுத்து எழுந்துவிட்டார்கள்.

"வந்துட்டியா? எங்க விட்டேன்?"

"அதே மலைலதான்ப்பா விட்டீங்க. நான் பொறந்ததுலேருந்து அங்கயேதான் நிக்கிறீங்க," என்பாள் அம்மா, என் முன்னால் தட்டை வைத்தபடி.

மலைமேல் காவல். நீட்டிய கை தெரியாத மூடுபனி. தாத்தா ஒரு பாறைக்குப் பின்னால், 'குறட்டை' என்று பட்டப்பெயர் வாங்கிய அவருடைய கூட்டாளி இன்னொரு பாறைக்குப் பின்னால். வாய் திறக்கக் கூடாது. அதனால் ஒரே கயிற்றின் இரு முனைகளை இருவரும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். இழுத்தால், இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு இழுத்தால், இருக்கேன்.

"ஒருநாள் விடியக்காலைல இழுத்தேன். பதில் இல்ல."

இதுவரை எனக்கு மனப்பாடம். இதற்கு மேல் தெரியாது. இந்த இடம் வருவதற்கும் எனக்குக் கண் சொருகுவதற்கும் சரியாக இருக்கும். தாத்தா என்னை எழுப்பியதே இல்லை. மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்.

பிறகு அவர் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதன்பின் பேச முடியாது என்றார் மருத்துவர். ஆபரேஷன் அன்று காலை, தூங்கவே கூடாது என்று வந்தேன். சாப்பிடவில்லை. முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு முடிச்சிருங்க தாத்தா."

"ஏன், உனக்கு பஸ் போயிடுமா?" என்றார் கரகரத்த குரலில். மூடுபனியிலிருந்து ஆரம்பித்தார்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என்மேல் அவருடைய போர்வை. எதிர் நாற்காலி காலி.

"எழுப்பத்தான் வந்தேன்," என்றாள் அம்மா, மருத்துவமனையில். "வேலை முடிஞ்சு வந்தவன், விடுன்னுட்டாரு."

தாத்தாவைக் கட்டிலில் உட்கார வைத்த அன்று, வேலை முடிந்து நேராக வார்டுக்குப் போனேன். நர்ஸ் கொடுத்திருந்த சிலேட்டில் 'தண்ணி' என்று எழுதியிருந்தது.

"குறட்டை பதிலுக்கு இழுத்தாரா தாத்தா?"

சிலேட்டை அவர் மடியில் வைத்தேன். அதை நகர்த்திவிட்டு, தட்டிலிருந்த கட்டுத்துணிச் சுருளைக் கைகாட்டிக் கேட்டார். ஒரு முனையில் சுருக்கு போட்டு என் மணிக்கட்டில் மாட்டினார். மறுமுனை அவர் கையில். கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டு, வெளியே போ என்று கைகாட்டினார்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். துணி இழுபட்டது. பதிலுக்கு இழுத்தேன். உள்ளே கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்படி இல்லை என்று தலையை ஆட்டினார். சுருக்கிலிருந்து கையை உருவிக்கொள்ளச் சொல்லி, தன் மணிக்கட்டைத் தடவிக் காட்டினார்.

உருவிக்கொண்டேன். தரையில் கிடந்த சுருக்கு மெல்ல நகர்ந்து திரைக்கு அடியில் போய் மறைந்தது. அறுபடாமல், அவிழாமல்.

உள்ளே போனபோது அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரே கழட்டிட்டுப் போயிட்டாரா?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஏன்?"

உதட்டைப் பிதுக்கினார்.

"அப்புறம் வரவே இல்லையா?"

சுருக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் இருமி ஓய்ந்தார். இத்தனை நாள் காலையிலும் 'பதில் இல்ல' என்ற அந்த வரிக்குப் பிறகு என்னிடமிருந்தும் அவருக்குப் பதில் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு மறுநாளும் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுருக்கை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டு, கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிளாஸ்க்கோடு வந்த அம்மா நின்று பார்த்தாள். "என்னடா, தாத்தாவைக் கட்டிப்போட்டுட்டியா?"

"அவர்தான் என்னைக் கட்டிப்போட்டிருக்காரு."

சுவரில் தலை சாய்ந்தது. தூங்கிப்போனேன். எப்போதோ மணிக்கட்டில் ஒரு இழுப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை மட்டும் பதிலுக்கு இழுத்தேன்.