கோப்பை மூன்று தரம் விழுகிறது

ராகுலன் எடுத்த சிரிப்புப் படத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. அவனிடம் இதைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே எல்லோரும் எடிட்டர் சாமினியிடம் சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்களோடு மல்லுக்கட்டும் வீட்டுக்காரர் ஒருவரின் கதை அது. மல்லுக்கட்டு தாராளமாக இருந்தது, பகிடியைத்தான் காணவில்லை. படப்பிடிப்பு செவ்வாய்க்கிழமை முடிந்தது. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு ட்ரெயிலர் வெளிவரும் என்று ராகுலன் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

சாமினி கலங்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடையின் மேல்மாடியில் அறை எடுத்துப் பத்து வருடமாக அவள் செய்கிற வேலையே இதுதான். துள்ளல் பாட்டொன்றை ஓடவிட்டு, பகிடிக்கு ஒரு நொடி முன்னால் டக்கென்று நிறுத்தினால், பார்க்கிறவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பான். ஒரு காட்சியில் ஒருவர் விழ, வேறெங்கோ வேறெதற்கோ முழித்த பெண்ணின் முகத்தை அடுத்ததாக ஒட்டினால், அவள் விழுந்தவரைப் பார்த்து முழித்ததாக ஆகிவிடும். மஞ்சள் திரையில் பாதி வசனத்தைப் பெரிய எழுத்தில் போட்டு மீதியைப் பிடித்து வைத்தால் இன்னும் விசேஷம். வெட்டும்போது மட்டும் அவள் ஒலியை முழுதாக அணைத்துவிடுவாள். சத்தமே இல்லாமல் பார்த்தும் சிரிப்பு வந்தால்தான் அந்தத் துண்டு தேறும் என்பது அவள் கட்சி. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புதன்கிழமை முழுக்கத் தேடி, கடைசியில் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்காரராக நடித்தவர் நாகேந்திரம். அறுபத்திரண்டு வயது, கொட்டாஞ்சேனைக்காரர், முப்பது வருடமாக மேடையிலும் வானொலியிலும் கொழும்பைச் சிரிக்க வைத்தவர். செவ்வாய்க்கிழமை எடுத்த காட்சியொன்றில், 'கட்' சொன்ன பிறகும் கமரா கொஞ்ச நேரம் ஓடியிருந்தது. நாகேந்திரம் மேசையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையை எடுக்கிறார். நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கிறார், மறுபடி விழுகிறது. மூன்றாம் தரமும் விழ, கமராவைப் பார்த்து வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஏதோ சொல்கிறார். நடிக்கச் சொல்லாமல் நடித்தது என்றால் இதுதான் என்று நினைத்து, சாமினி தனியே இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

ட்ரெயிலரை அந்தக் கோப்பையைச் சுற்றியே கட்டினாள். முதல் தரம் விழ ஒரு மேளத் தட்டு, 'ஒருக்கா' என்று எழுத்து. இரண்டாம் தரம் இன்னொரு தட்டு, 'ரெண்டு தரம்.' பிறகு பாட்டு நிற்கும், மஞ்சள் திரையில் 'மூண்டாந்தரம்...?' என்று வரும், ஒரு நொடி நிசப்தம். கோப்பை விழும். கோணிய வாய் திரை முழுக்கப் பெரிதாக வர, எங்கிருந்தோ ஒரு ஊதுகுழல் 'ப்பேய்ங்' என்று அழும். வியாழக்கிழமை அதைப் பார்த்த ராகுலன் கதிரையிலிருந்து சரிந்தே விட்டான்.

"அக்கா, இதுதான் படம்! மனுசன் எங்களுக்கும் சொல்லாமல் பகிடி விட்டிருக்கு."

சொன்ன நேரத்துக்கு ட்ரெயிலர் வந்தது. சனி விடிய இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். காலையில் சாமினி தேத்தண்ணி குடிக்கப் போன கடையிலும் இரண்டு பேர் வெறும் கோப்பையை விழுத்தி விழுத்தி வாயைக் கோணிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒன்பது மணிக்கு ராகுலன் அழைத்தான்.

"அக்கா, கடைசியில அண்ணை என்ன சொல்றார் எண்டுதான் எல்லாரும் கேக்கினம். ஆளுக்கொண்டு எழுதித் தள்ளுறாங்கள். அந்தத் துண்டை மட்டும் அசல் சத்தத்தோட வெட்டித் தாங்கோவன்."

சாமினி அந்தத் துண்டை எடுத்து, முதல் தடவையாக ஒலியைத் திறந்தாள். முதலில் படப்பிடிப்புக்காரர்களின் சிரிப்புத்தான் கேட்டது. அதற்குள்ளே நாகேந்திரத்தின் குரல், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல.

"தம்பி... கை... கை சொன்னபடி கேக்குதில்லை."

"சூப்பர் அண்ணை!" என்றது யாரோ ஒருவரின் குரல்.

"பகிடியில்லையடா."

அதற்கு இன்னும் பலமான சிரிப்பு. அத்தோடு துண்டு முடிந்தது.

அவள் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் அசையவே இல்லை. அந்தப் பக்கத்துக் கண்ணும் சோர்ந்து கிடந்தது. வாய் கோணினால், கை விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று டிஸ்பென்சரிச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. அதே முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தவள் அவள்தான். நாகேந்திரத்தின் நம்பரை அடித்தாள். எடுத்தது அவர் மனைவி மரியகொறற்றி.

"அவரோ? இன்னும் எழும்பேல்லப் பிள்ளை. நேற்று எத்தினை பேர் கோல் எடுத்தது! மனுசன் களைச்சுப் போனார்."

"அன்ரி, இப்பவே போய் எழுப்பிப் பாருங்கோ. போனை வைக்காதேங்கோ."

செருப்புச் சத்தம் அறைக்குள் போவது கேட்டது. "என்னப்பா, எழும்புங்கோவன். ட்ரெயிலர்காரப் பிள்ளை கூப்பிடுறா." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மரியகொறற்றி சிரித்தாள். "போதும், பகிடி விடாதேங்கோ. கண்ணைத் திறந்துகொண்டு என்ன கிடக்கிறியள்?" மறுபடி ஒன்றுமில்லை. அடுத்து வந்த "என்னப்பா"வில் சிரிப்பு இல்லை. மூன்றாவது, அலறலாக வந்தது.

"அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ அன்ரி!" என்று கத்திக்கொண்டே சாமினி படியிறங்கி, காலி வீதியில் முதலில் வந்த ஓட்டோவை மறித்தாள். போகும் வழியில் 'ட்ரெயிலரைத் தூக்கு' என்று ராகுலனுக்கு அனுப்பினாள். 'விசரோ அக்கா? மூண்டு லட்சம் வரப்போகுது' என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில், மூடிய கதவொன்றுக்கு வெளியே வாங்கில் மரியகொறற்றி வீட்டுச் சட்டையோடு குந்தியிருந்தாள். சாமினி பக்கத்தில் போயிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரத்துக்குப் பிறகு இளம் டொக்டர் ஒருவர் வந்து, எப்போது தொடங்கியது என்று சிங்களத்தில் கேட்டார். இன்று விடியத்தான் என்றாள் மரியகொறற்றி.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் சாமினி. "பின்னேரம் மூன்று நாற்பதுக்கு."

டொக்டர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். அன்றைக்கே, ஏன், நேற்றுக் கொண்டுவந்திருந்தால்கூட மருந்து கொடுத்து இந்தப் பெரிய பாரிசவாதத்தைத் தடுக்கப் பார்த்திருக்கலாம் என்றார். உயிருக்கு இப்போதைக்கு மோசமில்லை, வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு திரும்பும் என்று நம்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"செவ்வாய்க்கிழமை எண்டு உமக்கு என்னெண்டு தெரியும் பிள்ளை?"

சாமினி சொன்னாள். அது எழுதி நடித்ததில்லை, உண்மையாகவே கை விழுந்தது, அவர் கேட்டது உதவி. தான் சத்தத்தைக் கேட்கவில்லை என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மரியகொறற்றி அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"புதன்கிழமை சோத்துக் கோப்பையைக் கைதவற விட்டவர். வியாழனும் ஒருக்காக் கை மரத்துப்போச்சு எண்டவர். எனக்குப் பயம் பிடிச்சிட்டு. வெள்ளி பின்னேரம் டொக்டரிட்டக் காட்ட நம்பர் எடுத்து, வெளிக்கிட்டு நிண்டனாங்கள். ஐஞ்சு மணிக்கு உங்கட ட்ரெயிலர் வந்திச்சு. பாத்தா, அதிலயும் கோப்பை விழுது. எழுத்துப் போட்டு, மேளம் போட்டு. அட, இவ்வளவும் நடிப்போ எண்டு நினைச்சன். ஒரு பகிடி பிடிபட்டுதெண்டா கிழமைக்கணக்கா வீட்டில அதைச் செய்துகொண்டுதான் திரிவார். முப்பது வருசமா அப்பிடித்தான். 'என்னை நல்லாப் பேக்காட்டிப் போட்டியள், டொக்டரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், சட்டையைக் கழட்டுங்கோ' எண்டனான்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையோ அன்ரி?"

"பகிடியில்லை எண்டவர். அதுக்கும் சிரிச்சனான். பிறகு அவர் வாய் திறக்கேல்லை."

தாதி ஒருத்தி தள்ளுவண்டியோடு அவர்களைக் கடந்து போனாள். மரியகொறற்றி சாமினியின் பக்கம் திரும்பினாள்.

"முதல் ரெண்டு தரம் விழேக்கயும் எனக்கு நெஞ்சு பதறினது பிள்ளை. மூண்டாந்தரம் ஒண்டு ஊதும். அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை ஆர் போட்டது?"

கொம்பியூட்டரில் வருகிற சத்தம் என்று சொல்லியிருக்கலாம். ராகுலன் கேட்டுத்தான் என்றும் சொல்லியிருக்கலாம்.

"நான்தான் அன்ரி."

மரியகொறற்றி தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"அது ஊதாமல் இருந்திருந்தா," என்றாள், "நான் நேற்றே கொண்டு வந்திருப்பன்."