என்னைத் திட்ட ஆளில்லை

என் தங்கை டீனா என்னோடு பேசி ஐந்து வாரமாகிறது. நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பையனுக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் ஞானத்தாய் நான்தான் என்று அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே பேசி வைத்தது. நேற்று என் கணவர் பெர்னார்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு, டீனாவின் நாத்தனார் நிற்கட்டுமே, உனக்கு எதற்கு அலைச்சல் என்றார். சுவரைப் பார்த்துப் பேசினால் அவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு மண்டையில் அடிபட்டது தொண்ணூற்றேழில். ஓசூர் ரோட்டில் பெர்னார்டின் ஸ்கூட்டர் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் இறங்கவில்லை, விழுந்தேன். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் கை கால் சரியாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் முழுசாகத் தேறிவிட்டாள் என்கிறார்கள். குக்கர் விசில் அடித்தால் மண்டைக்குள் ஆணி இறங்குவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அது போன பிறகு என்ன செய்தேன் என்பது பாதி நேரம் ஞாபகமே இருப்பதில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய டீச்சர் வேலையும் போய்விட்டது.

ஆனால் ஊர் எனக்கு ரொம்ப நல்லதாகிவிட்டது. ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே என்னிடம் மெதுவாகப் பேசுகிறது. குழம்பைத் தீய்த்து வைத்தாலும் பெர்னார்ட் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறார். வண்டி ஓட்டியவர் அவரல்லவா, என்னை ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை. பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

இன்று காலை அவர் ஆபீஸ் போனதும் நானே ஆட்டோ பிடித்து பிரேசர் டவுனுக்குப் போனேன். அடிபட்டதற்குப் பிறகு தனியாக வெளியே போவது இதுதான் முதல் தடவை. இடது வலது குழம்பி, ஆட்டோக்காரர் ஒரே தேவாலயத்தை இரண்டு முறை சுற்றினார்.

டீனா கதவைத் திறந்தாள். உட்காருக்கா, ஜூஸ் கொண்டு வரட்டுமா என்றாள். அவளும் அதே மெதுவான குரலில்தான் கேட்டாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லாமல், ஏன் என்னோடு பேசவில்லை என்று நேராகவே கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். டீனா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்து கதவைத் தாழ்போட்டாள்.

என் தங்கை எனக்குப் பயந்து தாழ்போடுகிறாள். அந்தச் சத்தம் குழந்தையின் அழுகையைவிட மோசமாக இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தையை நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். சொன்னாள். குழந்தை பிறந்து மூன்றாம் நாள் பெர்னார்டோடு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேனாம். அவன் அழுதபோது சனியனே வாயை மூடு என்று கத்தி, ஃபிளாஸ்கைத் தொட்டில் பக்கம் வீசினேனாம். அது சுவரில் பட்டு உடைந்ததாம். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல் கேக் சாப்பிட்டேனாம். எனக்குக் கேக் ருசி மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"பெர்னார்ட் மாமாதான் சொல்லக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா நீ தாங்க மாட்டியாம். உன்னத் திட்டவும் கூடாதாம்." அவள் மூக்கு சிவந்தது. "உன்னத் திட்டாம நான் எப்டிக்கா உன்கூட பேசறது? அதான் வரல."

"அப்ப திட்டு" என்றேன்.

ஆரம்பித்தாள் பாருங்கள். ஃபிளாஸ்கில் தொடங்கியவள், அவள் கல்யாணத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, பள்ளிக்கூடக் காலத்தில் அவள் ஸ்வெட்டரைத் தொலைத்தது என்று பின்னாலேயே போனாள். நானும் சும்மா இருக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் அழுதோம். குழந்தை என் பக்கத்திலேயே தூங்கினான்.

ஞாயிறன்று அவன் தலையில் தண்ணீர் ஊற்றினால் கத்துவான், அப்போது அவன் என் கையில் இருக்கக் கூடாது என்று நானே சொன்னேன்.

"நாத்தனார் புடிச்சிக்கட்டும். ஞானத்தாய் நீதான், பக்கத்துல நில்லு" என்றாள். "முடியலன்னா வெளிய போ. ஆனா திரும்பி வந்துடணும்."

சாயங்காலம் பெர்னார்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நினைவில் தங்கியதைத்தான் சொன்னேன், பாதி அதற்குள் போய்விட்டது. ஃபிளாஸ்க் என்றதும் அவர் முகம் வெளுத்தது. டீனா என்னை நன்றாகத் திட்டினாள் என்றேன். எனக்கு வேண்டியிருந்தது என்றும் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரக் கேட்டுடி தனியா ஆட்டோ ஏறின? வழி தெரியாம எங்கயாவது போயிருந்தா நான் எங்கன்னு தேடுவேன்? கொஞ்சமாவது அறிவிருக்கா?"

அவர் குரல் உயர்ந்து மண்டைக்குள் வலித்தது. நான் காதைப் பொத்தவில்லை.