மீட்புச் சாவி

மாதம் பிறந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது என் வழக்கம். எங்கள் துறைமுக ஊரான மஹ்தியாவில் ஒரு மீன் டப்பாத் தொழிற்சாலை மீது நான் நடத்திவந்த வழக்கின் மூன்று வாக்குமூலங்களும் என் மடிக்கணினியில்தான் இருந்தன. அமோனியா கசிந்த அன்று பட்டறைக் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது என்று, அங்கே வேலை செய்யும் மூன்று பெண்கள் சொன்னவை. விசாரணை தொடங்கும்வரை அவர்கள் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மூவரில் மூத்தவள் மப்ரூகா. செவ்வாய்க்கிழமை என் அலுவலகத்துக்கு வந்தவள் உட்காரவில்லை.

"மேனேஜர் கூப்பிட்டான், வக்கீலம்மா. நான் உங்ககிட்ட சொன்னதை எனக்கே வரி மாறாம படிச்சுக் காட்டுறான். மூணு பேருக்கும் வேலை போச்சு. இரும்புப் பெட்டி மாதிரின்னு சொன்னீங்களே?"

மறுநாள் வரச் சொன்னேன்.

கணினியில் உள்ளதையெல்லாம் குறியாக்கம் செய்து பூட்டித் தந்தவன் நூமான். என்னைவிட இரண்டு மாதம் இளையவன். பிறந்தவுடன் தாயை இழந்தவனுக்கு என் தாய்தான் என்னோடு சேர்த்துப் பால் கொடுத்தாள். எங்கள் மார்க்கத்தில் பால் உறவு ரத்த உறவுக்குச் சமம். போன வாரம் பேட்டரி மாற்றக் கணினியை அவன் கடையில் விட்டபோதும் எனக்குப் பயமில்லை. கடவுச்சொல் என் தலைக்குள் அல்லவா இருந்தது?

அவன் கடைக்குப் போனேன். வழக்கம்போல் தேநீர் ஊற்றி நீட்டினான். வாங்கவில்லை.

"எப்படித் திறந்த, நூமான்?"

"என்னத்தை, அக்கா?"

"சுத்தி வளைக்காதே."

கோப்பையைக் கீழே வைத்தான். "மொதல்ல பூட்டினப்ப ஸ்க்ரீன்ல நீளமா ஒரு எண் வந்துச்சே, மீட்புச் சாவின்னு. பாஸ்வேர்ட் மறந்தா ஆகும், நான் வச்சுக்கறேன்னு சொன்னேன். நீதானே சரின்ன?"

"அதுக்கப்புறம் மாசாமாசம் மாத்தினேனே!"

"நீ மாத்தினது பாஸ்வேர்டை. அந்த எண் அப்படியேதான் இருக்கும்."

வாடிக்கையாளருக்கு விளக்குகிற அதே பொறுமையான குரல்.

"தொழிற்சாலை கம்ப்யூட்டர் எல்லாம் இனி என் பொறுப்பு, அக்கா. பெரிய ஒப்பந்தம். நான் ஒரு வரிகூடப் படிக்கல, சத்தியமா. அமோனியாவைக் கசிய விட்டவன் நானா?"

படித்துவிட்டுக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"கோர்ட்ல வந்து இதைச் சொல்வியா?"

"அம்மா முகத்துக்காகவாவது என்னை விட்டுடு."

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மூவரும் வந்தார்கள்.

"யாரு குடுத்தது?" என்றாள் மப்ரூகா.

"என் தம்பி."

"சாவி உங்க வீட்டுக்குள்ளயே சுத்தியிருக்கு. நல்ல இரும்புப் பெட்டிம்மா!" மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். "எங்க பேச்சை அழிச்சிடுங்க. எங்க கண்ணு முன்னாடி."

"அது போனா வழக்கே போச்சு, மப்ரூகா. அவங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனி துணிஞ்சு கோர்ட்ல நின்னா..."

"நாளைக்கு வேற பட்டறை வாசல்ல போய் நாங்க வேலை கேக்கணும். உங்க கோர்ட்டு ரொட்டி போடுமா?"

மூன்றையும் அழித்தேன். பிரதி வைத்திருந்த இடத்தையும் திறந்து, அதையும் அவர்கள் பார்க்க அழித்தேன். திரை வெறுமையானது.

"முழுசா போச்சா?"

"போச்சு."

மப்ரூகா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் சொல்றீங்க," என்றாள்.